கண் செய்த குற்றமன்று

ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் இல்லத்துப் பெரியவர் சோற்றைச் சிந்தலானார், படியில் இடறலானார். "கவனமில்லை" என்று கடிந்தோம். மூக்குக் கண்ணாடியை இருமுறை மாற்றினோம். பயனில்லை.

நரம்பு மருத்துவரே உண்மையை உணர்த்தினார். 1964-இல் ஸ்டீல், ரிச்சர்ட்சன், ஒல்ஸ்ஸெவ்ஸ்கி ஆகிய மூவர் விளக்கிய பி.எஸ்.பி. என்னும் நோய் அது. விழியைக் கீழ்நோக்கித் திருப்பும் மூளைப்பகுதி நலிகிறது. இமைப்பும் குறைந்து கண் உலர்கிறது.

தீர்க்கும் மருந்து இன்றும் இல்லை; துயர் தணிக்க வழியுண்டு. தட்டைப் பார்வைக்கு நேரே உயர்த்தினோம், படிப்பதற்குத் தனிக் கண்ணாடி தந்தோம், மருத்துவர் கூறியவாறு செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு இட்டோம், படியில் கைகொடுத்தோம்.

கடிந்த நாட்களை எண்ணி இன்று நாணுகிறோம். உங்கள் முதியோர் இடறினால் சினவாதீர். கண்ணோடு நரம்பையும் சோதிக்கச் செய்யுங்கள். நிமான்ஸ் நம் பெங்களூரிலேயே உள்ளது.