வந்தவர்க்கு நாம் தரும் மொழி எது?

(திருப்பெரும்புதூர்த் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிழைப்பு நாடிக் கடல் கடந்த தமிழன் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலும் மலாயா இரப்பர்க் காடுகளிலும் பட்ட பாட்டை நாம் பலகால் பேசி நெஞ்சு நொந்திருக்கிறோம். இன்றோ நம் வாயிலுக்கே வேற்று நாட்டார் தொழில் நாடி வந்துள்ளனர். 1996-இல் கொரிய நாட்டு ஊண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் கால்கொண்டது. 1998-இல் அதன் முதல் மகிழுந்து வெளிவந்தது. 2010-இல் ஒரகடத்தில் இரெனோ-நிசான் ஆலை திறக்கப்பெற்றது. இவ்வாலைகளோடும், இவற்றுக்கு உறுப்புகள் செய்துதரும் ஆலைகளோடும் கொரியரும் சப்பானியரும் வந்தனர். அவருள் ஐம்பது அகவை கடந்தோரைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

இளங்கன்று எந்நிலத்திலும் வேர்பிடிக்கும். முற்றிய மரத்தைப் பெயர்த்து நடுதல் அரிது. பனி பொழியும் நாட்டினர்க்கு நம் கத்திரி வெயிலே முதல் இடர். அடுத்தது சாலை. கொரியாவில் ஊர்திகள் வலப்பக்கம் செல்லும், இங்கோ இடப்பக்கம். ஐம்பதாண்டுப் பழக்கத்தால் இடப்புறம் நோக்கிக் கால்வைப்பவர்க்கு வண்டி வலப்புறமிருந்து வரும். சரக்குந்துகள் இரைந்தோடும் வண்டலூர்-வாலாசாபாத்துச் சாலையில் அவர் நிலையை எண்ணிப் பாருங்கள்!

எனினும், வெயில் பழகிவிடும், சாலையும் பழகிவிடும். பழகாதது தனிமை. ஆலைக்கும் வீட்டுக்கும் ஓட்டுநரோடு போய்வரும் அவர்க்கு அண்டை வீட்டார் பெயர் தெரியாது. நோயுற்றாலோ இடர் இரட்டிக்கும். குத்தலா, குடைச்சலா, எரிச்சலா, உளைச்சலா என்று வலியை வகைபிரித்துக் கேட்கும் மொழி நம்மொழி. செவிலி அவ்வாறு கேட்கிறாள். அவரோ நெஞ்சைத் தொட்டுக் காட்டி விழிக்கிறார். முதுமையில் இஃது உயிரைப் பற்றிய செய்தியன்றோ!

இந்நிலையில் நாம் அவர்க்குத் தருவது என்ன? ஆங்கிலம்! அஃது அவர்க்கும் தாய்மொழியன்று, நமக்கும் தாய்மொழியன்று. இரவற் கோலூன்றிய இருவர் ஒருவரையொருவர் தாங்க முயல்வது போன்றது இது.

இதனினும் வியப்பு ஒன்றுண்டு. தமிழைப் போன்றே கொரிய மொழியிலும் சப்பான் மொழியிலும் வினைமுற்று சொற்றொடரின் இறுதியில் நிற்கும். உருபுகள் பெயரின் பின்னே ஒட்டும். 'நான் வீட்டுக்குப் போகிறேன்' என்பதைக் கொரியர் அதே வரிசையில் கூறுவர். தந்தையை அவர்தம் பிள்ளைகளும் 'அப்பா' என்றே அழைக்கின்றனர். கொரியாவில் பணியாற்றிய அமெரிக்கர் அல்பெர்ட்டு 1905-இலேயே கொரிய மொழியையும் திரவிட மொழிகளையும் ஒப்பிட்டு நூல் எழுதினார். இன உறவு உண்டென்னும் அவர் கருத்தை இன்றைய மொழிநூலார் ஏற்றிலர். நாமும் அதைப் பற்றிக்கொண்டு பெருமை பேச வேண்டுவதில்லை. அமைப்பின் ஒப்புமை ஒன்றே போதும். ஆங்கிலத் தொடரைவிடத் தமிழ்த் தொடர் அவர் நாவுக்கு அணுக்கமானது. மூத்தோரை மதித்துப் பேசும் சொல்வழக்கும் இருவர்க்கும் உண்டு.

அகவை கடந்தபின் மொழி வருமா என்பீர்கள். இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் தமிழகம் வந்தபோது முப்பது அகவை நிரம்பியவர். அவரே 1732-இல் சதுரகராதி தந்தார். ஐம்பதில் வருவோர் அகராதி ஆக்க வேண்டா. அண்டை வீட்டாரோடு நான்கு சொல் பேசினால் போதும்.

கொரிய எழுத்தில் உணவகப் பெயர்ப்பலகை எழுதக் கற்றுக்கொண்டோம். அது வணிகம், குறையன்று. ஆனால், அவர்க்குத் தமிழ் கற்பிக்க ஒரு திண்ணையேனும் அமைத்தோமா? எண்கள், உறவுப் பெயர்கள், திசைகள், உணவு, நோய், வலி ஆகியவை பற்றி நூறு சொற்களைத் தொகுப்போம். ஆசிரியரும் மாணவரும் மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்குவோம். கடையில் 'வாட்டர்' என்னாது 'தண்ணீர்' என்போம். அவர் பிழைபடச் சொன்னால் நகையாது திருத்துவோம்.

விருந்தினர்க்குச் சோறிட்டால் மட்டும் போதாது. பேச ஒரு சொல்லும் தரவேண்டும். அச்சொல் நம் சொல்லாக இருக்கட்டும்.

வாழ்க தமிழ்!