எதிராளிக்கும் ஒரு வழி

ஒருவன் எடுக்கும் முடிவின் பலன் எதிராளியின் முடிவையும் பொறுத்திருக்குமாயின், அங்கே ஓர் ஆட்டம் தொடங்கிவிடுகிறது. ஜோன் வொன் நியூமன், ஒஸ்கார் மோர்கென்ஸ்டேர்ண் ஆகிய இருவரும் 1944ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் இதனைக் கணித முறையில் ஆராய்ந்து, ஆட்டக் கோட்பாட்டுக்கு அடித்தளமிட்டது. அதனை நாடுகளின் பிணக்குகளுக்குப் பொருத்திக் காட்டியோருள் முதன்மையானவர் தோமஸ் ஷெல்லிங். அப்பணிக்காக 2005இல் அவர் பொருளியல் நோபெல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

இரண்டு மோட்டார் வண்டிகள் எதிரெதிரே விரைந்து வருவதாக நேயர்கள் எண்ணிக்கொள்ளலாம். முதலில் விலகுபவன் கோழையெனப் பழிக்கப்படுவான். இருவரும் விலகாவிடின் இருவரும் மாள்வர். அணுவாயுத வல்லரசுகளின் போக்கை 1959இல் பேர்ட்ரண்ட் ரசல் இவ்விபரீத விளையாட்டுக்கே ஒப்பிட்டார். தான் விலகப்போவதில்லை என்று எதிராளியை நம்பவைப்பவன் வெல்லலாம். ஆனால், இருவருமே அவ்வாறு உறுதிபூண்டுவிட்டால் யாது நிகழும்?

1962 ஒக்டோபரில் இவ்வினா உலகின் முன் நின்றது. கியூபாவில் சோவியத் ஏவுகணைத் தளங்கள் அமைக்கப்படுவதை அமெரிக்க உளவு விமானப் படங்கள் காட்டின. உடனே குண்டு வீசவேண்டுமென ஆலோசகர் சிலர் வற்புறுத்தினர். ஜனாதிபதி கென்னடியோ கடல் முற்றுகையைத் தேர்ந்தார். குண்டு வீழ்ந்திருப்பின் சோவியத் தலைவர் குருஷ்சேவ் பதிலுக்குத் தாக்காதிருத்தல் அரிதாகியிருக்கும். முற்றுகையோ அமெரிக்காவின் உறுதியையும் காட்டியது. சிந்திக்க அவருக்கு அவகாசமும் அளித்தது. 28ஆந் திகதி ஏவுகணைகளை அகற்றக் குருஷ்சேவ் இசைந்தார். கியூபாமீது படையெடுப்பதில்லை என அமெரிக்கா வாக்களித்தது. துருக்கியிலிருந்த தன் ஏவுகணைகளை அகற்றவும் இரகசியமாக உடன்பட்டது. இருவருமே சிறிது விலகினர்.

எனினும், ஒவ்வொரு நாட்டையும் ஒரே ஆட்டக்காரனாகக் கொள்ளும் கணக்கு முழுமையானதன்று. 27ஆந் திகதி கியூபாவின்மேல் அமெரிக்க விமானமொன்று சுட்டு வீழ்த்தப்பட்டது மொஸ்கோவின் கட்டளையாலன்று; அங்கிருந்த சோவியத் தளபதிகளின் முடிவால். அன்றே அமெரிக்கப் போர்க்கப்பல்கள் ஒரு சோவியத் நீர்மூழ்கியைச் சூழ்ந்து நெருக்கின. அதில் அணுவாயுத டோர்பிடோ இருந்ததை அவை அறியா.

தலைவர்கள் நிதானித்தாலும் தொலைவிலுள்ள ஒரு கை தவறலாம். ஆகவேதான் 1963 ஜூனில் வாஷிங்டனுக்கும் மொஸ்கோவுக்குமிடையே நேரடித் தொலையச்சுத் தொடர்பு அமைக்க உடன்பாடு கண்டனர். எதிராளியின் மனத்தை ஊகிப்பதிலும் அவனிடமே கேட்டறிதல் நன்று. மானம் குன்றாது அவன் பின்வாங்க ஒரு வழியைத் திறந்துவைத்தல் அதனினும் நன்று.