தானே பற்றும் கிளச்சு

மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழகுகிறவனுக்கு முதல் நாளில் தொல்லை கொடுப்பது எது என்று கேட்டால், பெரும்பாலோர் கிளச்சு என்றே விடை கூறுவர். இடக்கையால் அதன் பிடியை மெல்ல மெல்ல விட வேண்டும். அதே நேரத்தில் வலக்கையால் ஆக்ஸிலேட்டரைத் திருக வேண்டும். இரண்டும் ஒத்து வராவிட்டால் வண்டி துள்ளும், அல்லது என்ஜின் அணைந்துவிடும். நல்ல சாலையில் இப்பழக்கம் சில நாட்களில் கைவந்துவிடுகிறது. சாலையே இல்லாத இடத்தில், உருளும் கற்களும் மரவேர்களும் சேறும் நிறைந்த ஏற்றத்தில், ஓயாமல் கிளச்சைப் பிடித்தும் விட்டும் செல்ல நேர்ந்தால் தேர்ந்த ஓட்டியின் விரல்களும் சோர்ந்துபோகும். அங்கே என்ஜின் அணைவதும் பெரும்பாலும் கால் ஊன்ற இடமில்லாத இடத்தில்தான். இடக்கையின் அந்த வேலையைத் தானே ஏற்றுக்கொள்ளும் கருவி ஒன்றைப் பற்றியும், அதைப் பொருத்திச் சரிசெய்யும் முறையைப் பற்றியும் இன்று பேச விரும்புகிறேன்.

கிளச்சு என்பது என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் இடையே நிற்கும் ஒரு தூதுவன். அதனுள்ளே உராய்வுத் தகடுகளும் எஃகுத் தகடுகளும் மாறிமாறி அடுக்கப்பட்டுள்ளன. ஒரு வகைத் தகடு என்ஜினோடு சுழலும். மற்றது கியர்ப் பெட்டியோடு சுழலும். ஸ்பிரிங்குகள் அழுத்துதட்டின் வாயிலாக இவ்வடுக்கை எப்போதும் நெருக்கிக்கொண்டே இருக்கும். பிடியை இழுத்தால் நெருக்கம் நீங்கித் தகடுகள் தனித்தனியே சுழலும்.

இனி, கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றிப் பாருங்கள். வேகம் கூடக் கூடக் கல் வெளியே ஓட முயலும். அந்த இழுப்பு, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். நிமிடத்துக்கு 1,500 சுற்றில் இருப்பதைவிட 3,000 சுற்றில் அது நான்கு மடங்கு. மெல்லச் சுழலும்போது ஒதுங்கியிருந்து, வேகம் ஏறியதும் பற்றிக்கொள்ளும் கிளச்சைச் செய்வதற்கு இந்த வேறுபாடே போதும். ஓசூரிலிருந்து 1980இல் வெளிவந்த டி.வி.எஸ். 50 வண்டியை நம் ஊர்த் தெருக்களில் எத்தனையோ பேர் ஓட்டியிருக்கிறார்கள். அதில் கிளச்சுப் பிடி ஏன் இல்லை என்று யாரும் வியந்ததில்லை! அதன் வயிற்றிலும் இந்த மையவிலக்குக் கிளச்சுதான் இருந்தது.

1958இல் ஜப்பானில் சோய்ச்சிரோ ஹோண்டாவின் நிறுவனம் சூப்பர் கப் என்னும் சிறு வண்டியை வெளியிட்டது. ஒரு கையில் உணவுத் தட்டை ஏந்தியபடி வீடுதோறும் செல்லும் உணவுக்கடைப் பையனும் மறு கையால் ஓட்டக்கூடியதாக வண்டி இருக்க வேண்டும் என்பது அவர்கள் கொண்ட குறிக்கோள். ஆகவே கிளச்சுப் பிடியை நீக்கித் தானியங்கிக் கிளச்சை வைத்தனர். 2017க்குள் அவ்வகை வண்டிகள் பத்துக் கோடி உருவாகிவிட்டன. அமெரிக்காவில், ஐடஹோ மாநிலத்தின் பாய்சி நகரில் ஹோண்டா வண்டிகளை விற்றுவந்த ஹெர்ப் ஊல் என்பவர், இந்தச் சாது வண்டிக்குப் பெரிய பின்பல்சக்கரமும் முடிச்சு டயர்களும் பூட்டி மலைப்பாதைக்கு அனுப்பினார். அதைக் கண்ட ஹோண்டா 1961இல் டிரெயில் 50 என்னும் வண்டியைத் தானே செய்தது. மற்றொரு பொருத்தமும் உண்டு. சாதாரணக் கிளச்சுள்ள பெரிய காட்டுவழி வண்டிகளைத் தானியங்கியாக மாற்றும் கருவிகளுக்குப் பேர்போன ரெக்லூஸ் என்னும் நிறுவனத்தை ஆல் யங்வெர்த் 2002இல் தொடங்கியதும் அதே பாய்சி நகரில்தான்.

இக்கருவியின் உயிர் விரியும் தகடு ஒன்றில் இருக்கிறது. பழைய அடுக்கில் சில தகடுகளை எடுத்துவிட்டு இதை நுழைக்கிறார்கள். அதனுள் சிறு ஆப்புகள் உள்ளன. சுழற்சி ஏறியதும் அவை வெளிப்புறம் நகர்ந்து, சரிவான தளங்களின் மேல் ஏறித் தகட்டின் கனத்தைக் கூட்டுகின்றன. அடுக்கு இறுகி வண்டி நகர்கிறது. சுழற்சி தாழ்ந்தால் சிறு ஸ்பிரிங்குகள் ஆப்புகளை உள்ளே இழுத்துக்கொள்ளும், அடுக்கு தளரும், என்ஜின் அணையாது. அந்தச் சிறு ஸ்பிரிங்குகள் மெலிந்தவையாயின் தாழ்ந்த சுழற்சியிலேயே கிளச்சு பற்றும். வலியவையாயின் தாமதித்துப் பற்றும்.

என்னிடம் இயந்திரப் பொறியியல் பயின்ற மாணவர் ஒருவர் விபத்தில் இடக்கை விரல்களின் வலிமையை இழந்தார். மலைப்பாதையில் வண்டி ஓட்டுவது அவருக்கு உயிர். வண்டியை விற்றுவிடும்படி வீட்டார் வற்புறுத்திய நிலையில்தான் இந்தக் கிளச்சைப் பொருத்த என்னிடம் வந்தார். கிளச்சைத் தன்னாலேயே வைத்துக்கொள்வது திறமைக் குறைவு என்று பழைய ஓட்டிகள் சிலர் நகைப்பதுண்டு. அந்த நகைப்பை நான் மதிப்பதில்லை.

வேலையில் கடினம் குறைவு, தூய்மையே வேண்டும். கிளச்சு வலப்புறம் இருந்ததால் வண்டியை இடப்புறமாகச் சாய்த்துப் படுக்கவைத்தோம். எண்ணெயை வடிக்கும் வேலை மிச்சம். மூடியையும் அழுத்துதட்டையும் கழற்றி, தகடுகளை எடுத்த வரிசையிலேயே துணிமேல் பரப்பினோம். புதிய உராய்வுத் தகடுகளை முன்கூட்டியே என்ஜின் எண்ணெயில் ஊறப்போட்டிருந்தோம். உலர்ந்த தகடு முதல் ஓட்டத்திலேயே கருகிவிடும். ஸ்பிரிங் போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்கி, கையேட்டில் கண்ட அளவில் நிறுத்தினோம். அலுமினியத்தில் வெட்டிய மரைகள் முரட்டுக் கையைப் பொறுக்கமாட்டா.

அடுத்தது சரிசெய்தல். இதற்கு வேண்டிய கருவி ஒரு ரப்பர் வளையம்! கிளச்சுப் பிடியின் நுனியையும் கைப்பிடியையும் சேர்த்து அவ்வளையத்தை மாட்டவேண்டும். வண்டியை நியூட்ரலில் வைத்து, என்ஜினை இரண்டு மூன்று நிமிடம் சூடேறவிட்டு, ஆக்ஸிலேட்டரை நன்கு திருகிப் பிடியின் நுனியைக் கவனிக்க வேண்டும். தகடு விரிந்தால் அழுத்துதட்டைச் சற்றே உயர்த்தும். அதனால் பிடியில் தளர்ச்சி தோன்றும். ரப்பர் அத்தளர்ச்சியை இழுத்துக் காட்டும். நுனி ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நகரவேண்டும். நகராவிட்டால் அடுக்கு முழுதும் இறுகவில்லை, வழுக்கி எரியும். மிகுதியாக நகர்ந்தால் இடைவெளி போதவில்லை. என்ஜின் மெல்ல ஓடும்போதும் வண்டி முன்னோக்கி இழுக்கும். எங்கள் முதற் சோதனையில் நுனி அசையவே இல்லை. கேபிளின் திருகை மிகச் சிறிதளவு மாற்றுவதும், மறுபடி பார்ப்பதுமாக ஒரு மணி நேரம் கழிந்தது. ஐந்தாம் முறை பிடி மெல்ல உள்ளே சாய்ந்தது. மாணவர் ஒன்றும் பேசவில்லை. அந்த நுனியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் விரல்களால் அவசரத்தில் பிடியை இழுக்க இயலாது. ஆகையால் என்ஜினை அணைக்கும் பொத்தானை வலக்கைக்கு மாற்றிய பின்பே வண்டியை அவரிடம் கொடுத்தேன். ஏனெனில் இந்தக் கிளச்சு சுழற்சியை மட்டும் அறியும். எதிரே நிற்பது ஆளா, பாறையா என்பதை அறியாது. கியரில் இருக்கும் வண்டி, நியூட்ரலில் இருப்பதைப் போலவே அமைதியாக நின்றுகொண்டிருக்கும். விளையாட்டாக ஒரு குழந்தை ஆக்ஸிலேட்டரைத் திருகினால் பாய்ந்துவிடும். என்ஜினை அணைத்துக் கியரில் நிறுத்திவிட்டோம் என்று சரிவில் நம்பி விடவும் கூடாது; பற்றுவதற்குச் சுழற்சி இல்லாமையால் வண்டி உருண்டுவிடும். தள்ளி ஸ்டார்ட் செய்யவும் இயலாது. செங்குத்தான இறக்கத்தில் சுழற்சி மிகத் தாழ்ந்தால் கிளச்சு விட்டுவிடும். என்ஜினின் தடுப்பு திடீரென நீங்கும். அப்போது ஆக்ஸிலேட்டரைச் சற்றே தொட்டால் மீண்டும் பற்றிக்கொள்ளும். இறக்கத்தில் வேகம் கொடுப்பதா என்று மனம் தயங்கும். முதலில் சிறிய சரிவில் பழகிக்கொள்வதே நல்லது.

ரப்பர் சோதனையை ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னர் என்ஜினைச் சூடேற்றிய பின்பு செய்ய வேண்டும். தகடுகள் தேயத் தேய இடைவெளி மாறும். எண்ணெயில் கருகிய வாடை வீசினால் மூடியைத் திறந்து பாருங்கள். எஃகுத் தகடுகளில் நீலம் படர்ந்திருந்தால் கிளச்சு வழுக்கியிருக்கிறது என்று பொருள். தகடுகளையும் எண்ணெயையும் மாற்றி, அளவை மீண்டும் முதலிலிருந்து வைக்க வேண்டியதுதான்.