உழவர் நிறுவனம் நிலைத்து நிற்க

(உழவர் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

ஏக்கருக்கு 600 முதல் 800 கிலோ விதை மஞ்சள் தேவை. ஈரோட்டுச் சந்தையில் விலை ஏறிவிட்டது என்று விதையையும் சேர்த்து விற்றவர், அடுத்த பட்டத்தில் விதைக்கு அலைய நேரிடும். பங்குப் பணம் போட்டு நாம் நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்திற்கும் இதே விதிதான்.

இது நமக்குப் புதிய செய்தியன்று. 1887-இல் கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டை எழுதிய பிரடெரிக் நிக்கல்சன், பின்னர் சென்னை மாகாண அரசுக்காக ஐரோப்பிய உழவர் வங்கிகளை ஆராய்ந்து 1895, 1897-ஆம் ஆண்டுகளில் அறிக்கை அளித்தார். ஜெர்மனியில் ரைபைசன் கண்ட கிராம வங்கிகளே நமக்கு ஏற்றவை என்றார். அவ்வங்கிகள் இலாபத்தைப் பங்கிடாமல் சேமநிதியில் சேர்த்தன. 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அவ்வாண்டே திருவள்ளூர் அருகே திரூரில் சங்கம் தோன்றியது.

இன்றைய நிறுவனங்கள் கடைப்பிடிக்க வேண்டிய நெறிகள் நான்கு:

1. சேமநிதி: இதுவே நிறுவனத்தின் விதை. ஆண்டுதோறும் பொதுச் சேமநிதி வைக்கச் சட்டமே சொல்கிறது. விலை வீழ்ந்த ஆண்டில் கைகொடுப்பது இதுதான்.

2. ஒருவருக்கு ஒரு வாக்கு: தனி உறுப்பினர் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் வாக்கு ஒன்றே. பணம் மிகுந்தவர் கைக்கு நிறுவனம் போய்விடாமல் காப்பது இந்த விதி.

3. இலாபப் பங்கீடு: பங்குத் தொகைக்கு வரம்புக்கு உட்பட்ட ஆதாயம், சேமநிதிக்கு ஒதுக்கியபின் மிஞ்சுவதை, அவரவர் நிறுவனத்தின் மூலம் விற்ற விளைபொருளின் அளவுக்கேற்பப் பகிர வேண்டும். விளைபொருளை வியாபாரிக்குக் கொடுத்துவிட்டுப் பங்காதாயத்தை மட்டும் எதிர்பார்ப்பவர் பெருகினால் நிறுவனம் வற்றிவிடும்.

4. கணக்கும் பொறுப்பும்: இயக்குநர்கள் ஐந்து பேருக்குக் குறையாமலும் பதினைந்து பேருக்கு மிகாமலும் இருக்க வேண்டும். தணிக்கை செய்த கணக்கை எல்லா உறுப்பினருக்கும் புரியும்படி பொதுக்குழுவில் படித்துக்காட்ட வேண்டும். இயக்குநர் தம் சொந்த வியாபாரத்தை நிறுவனத்தோடு கலக்கலாகாது.

2020-இல் மத்திய அரசு அறிவித்த திட்டத்தில், தகுதியுள்ள நிறுவனத்திற்கு நிர்வாகச் செலவுக்கென மூன்று ஆண்டுகளில் 18 இலட்சம் ரூபாய் வரையிலும், உறுப்பினர் பங்குத் தொகைக்கு ஈடாக 15 இலட்சம் ரூபாய் வரையிலும் உதவி வழங்க வகைசெய்யப்பட்டது. நாற்றங்காலில் விடும் தண்ணீர் போன்றது இது. நடவு வயலில் பயிர் தன் வேரால்தான் நிற்க வேண்டும். அரசு உதவி நின்ற மறு மாதம் மேலாளரின் சம்பளத்தை எதிலிருந்து கொடுப்பது என்பதை முதல் ஆண்டிலேயே எண்ணிப் பார்ப்பது நல்லது.

எனவே, வரும் பொதுக்குழுவில் மூன்று கேள்விகளைத் தவறாமல் கேளுங்கள்: சேமநிதி எவ்வளவு? அது எங்கே இருக்கிறது? சென்ற ஆண்டில் எத்தனை உறுப்பினர்கள் நிறுவனத்தின் மூலம் விற்றார்கள்? இவற்றிற்குத் தெளிவான விடை கிடைக்குமானால், நீங்கள் போட்ட பங்கு உங்கள் பிள்ளைகளுக்கும் பயன் தரும்.