தூர்வாரிய குளத்தில் மீன் யாருக்கு?

(சங்கரன்கோவிலில் நடந்த இளைஞர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



வற்றாத ஆறு இல்லாத வட்டாரம் நம்முடையது. ஐப்பசி, கார்த்திகை மழை குளத்தில் தேங்கினால்தான் வெள்ளாமை. அதனால் இங்கே சுற்றுச்சூழல் என்று எடுத்தாலே பேச்சு குளத்தில் போய்த்தான் நிற்கும். நீங்கள் சீமைக்கருவேலம் வெட்டுகிறீர்கள், பனைவிதை ஊன்றுகிறீர்கள். நல்ல வேலை. என் ஆய்வும் குளங்களைப் பற்றியதுதான்.

நான் கேட்பது, தண்ணீர் நிறைந்த பிறகு நடப்பதைப் பற்றி. மீன்பாசி ஏலம் வரும். கரையில் நிற்கும் மரங்கள் ஏலத்துக்கு வரும். வயலுக்கு வண்டல் அள்ள தாசில்தார் அனுமதி தருவார், நிலத்துக்குக் கணக்குக் காட்டுகிறவருக்கு. மண் சுமந்தது நூறு நாள் வேலைக்கு வந்த காலனிப் பெண்கள். அவர்களில் எத்தனை பேரிடம் பட்டா இருக்கிறது?

எங்கள் ஊரில் மடை திறக்கும் நீர்பாய்ச்சி எங்கள் தெருக்காரர், எனக்குத் தாத்தா முறை. எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் பாய வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். மடையை எப்போது திறப்பது என்று பேசும் கூட்டத்தில் அவர் கடைசிவரை நின்றுகொண்டுதான் இருந்தார். மீன் ஏலம் முடிந்த சேதி எங்கள் தெருவுக்கு மறுநாள்தான் வரும். தூண்டில் போட்டதற்காகச் சிறுவயதில் நான் துரத்தப்பட்டிருக்கிறேன்.

இதை ஊர்வழக்கம் என்று விட்டுவிட முடியாது. தமிழ்நாடு விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம், 2000 அமைக்கும் சங்கத்தில் பாசனப் பரப்பில் நிலம் உள்ளவர்தான் உறுப்பினர். நாற்று நடுகிறவருக்கும், குளத்தில் துணி துவைக்கிறவருக்கும், ஆடு மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறவருக்கும் அதில் இடமில்லை. 1892இல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலமே கைமாறிப்போன மாநிலம் இது. இங்கே நிலத்தைத் தகுதி ஆக்கினால் சாதியைத் தகுதி ஆக்கியதாகத்தான் அர்த்தம். சங்கரன்கோவிலும் வாசுதேவநல்லூரும் தனித்தொகுதிகள். சட்டமன்றத்தில் நமக்கு நாற்காலி உண்டு, குளத்துக் கூட்டத்தில் இல்லை.

மேலவளவை நினைத்துப் பாருங்கள். 1996இல் அது தனி ஊராட்சி ஆனது. 1997 ஜூன் 30 அன்று தலைவர் முருகேசனையும் உடன் வந்தவர்களையும் பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள். அதைச் சாதி கௌரவம் என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். கண்மாய் மீனையும் பொது மரங்களையும் ஏலம் விடும் கையெழுத்து அந்த நாற்காலியில் இருந்தது.

சுற்றுச்சூழல் போராட்டங்களின் கதையைப் பலரும் சிப்கோவிலிருந்து தொடங்குகிறார்கள். (சிப்கோவைக் குறைத்துச் சொல்லவில்லை.) மகாடில் சவுதார் குளத்து நீரை பாபாசாகேப் அள்ளிக் குடித்த 1927 மார்ச் 20இலிருந்து நான் தொடங்குவேன். குளம் யாருடையது என்ற கேள்வி அங்கே நேராகவே கேட்கப்பட்டது.

கிராம சபை ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளும் அதில் ஒன்று. அன்றைக்குப் போங்கள். ஏலம் எவ்வளவுக்குப் போனது, அறிவிப்பை எந்தத் தெருச் சுவரில் ஒட்டினீர்கள், பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது என்று கேளுங்கள். மீன்பாசி குத்தகையில் காலனிப் பெண்கள் குழுவுக்கு முன்னுரிமை கேட்டு, அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள். ‘நல்ல காரியத்தில் ஏன் சாதியை இழுக்கிறாய்’ என்று உங்கள் தூர்வாரும் குழுவின் வாட்ஸ்அப்பிலேயே கேட்பார்கள். என்னிடமும் கேட்டார்கள்.

அடுத்த கிராம சபைக்கு எங்கள் ஊரில் இந்தக் கேள்விகளோடு போகப் போகிறேன். தனியாக இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டேன். இந்த முறை உங்களில் நாலைந்து பேர் கூட வந்து உட்கார்ந்தால் நன்றாக இருக்கும்.