சேலைக்கு முதல் போடுவது யார்?



வளரும் பொருளாதாரத்தில் சிறு, நடுத்தரத் தொழில்களின் பங்கு என்று கேட்டால், எந்த மேடையிலும் தயாராக ஒரு பதில் இருக்கும்: வேலை தருகின்றன. உண்மைதான். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 35 லட்சம் பேர் நெசவையும் அதைச் சார்ந்த வேலைகளையும் நம்பி இருக்கிறார்கள். ஆனால் நெசவுக் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கு மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் குறைவு என்று அதே கணக்கெடுப்புதான் சொல்கிறது. வேலை தருவது மட்டுமே பங்கு என்றால் மார்தட்ட ஒன்றுமில்லை.

பட்டு நெய்யும் ஆரணியில் எனக்குத் தெரிவது வேறொரு பங்கு. சிறு தொழில் பெரிய தொழிலுக்குக் கடன் கொடுக்கிறது.

ஒரு சேலையின் வழியைப் பாருங்கள். பட்டு கர்நாடகத்திலிருந்து, ஜரிகை சூரத்திலிருந்து. முறுக்கேற்றுபவர், சாயம் போடுபவர், பாவு ஓடுபவர், பாவு பிணைப்பவர் என்று கை மாறிக் கை மாறித்தான் தறிக்கு ஏறும். பிறகு பல நாள் நெசவு. அறுத்துக் கொடுத்தால் நெசவாளருக்குக் கூலி. பட்டுக்காரரை அதிக நாள் காக்கவைக்க முடியாது. பெரிய கடைக்குப் போன சேலையின் பணமோ கடைக்காரர் மனம் வைத்தால்தான் திரும்பும். ஆடி கழியட்டும், தீபாவளி வரட்டும் என்பார். கடையில் பளபளவென்று அடுக்கியிருக்கும் சரக்குக்கு வட்டி கட்டுபவர் ஆரணியில் ஏதோ ஒரு சந்தில் இருக்கிறார்.  

சட்டம் இதைப் பார்க்காமல் இல்லை. குறு, சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லிவிட்டது. எந்தச் சிறு முதலாளி தன் பெரிய வாடிக்கையாளர் மேல் வழக்குப் போடுவார்? அதனால்தான் வருமான வரிச் சட்டத்தில் 43பி (எச்) வந்தது. கெடுவுக்குள் பணம் தராதவர், அதைத் தரும் ஆண்டு வரை அந்தச் செலவைக் கணக்கில் கழிக்க முடியாது. 2024 ஏப்ரல் முதல் இது நடப்பில் இருக்கிறது. இதிலிருந்து தப்ப, சிறு தொழிலாகப் பதிவு செய்யாதவரிடம் சரக்கு எடுத்துக்கொள்வார்களோ என்ற பயமும் கூடவே வந்தது.

இதில் ஒரு முடிச்சு. 2021இல் வணிகர்களையும் உத்யம் என்னும் அந்தப் பதிவில் சேர்த்தார்கள். ஆனால் முன்னுரிமைக் கடனுக்கு மட்டும். தாமதப் பணத்துக்கான பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை. அப்படியானால், பாவும் ஜரிகையும் கொடுத்து வீட்டுத் தறிகளில் நெய்து வாங்கும் ஜவுளிக்காரர் உற்பத்தியாளரா, வணிகரா? உற்பத்தியாளர் என்பதே என் கட்சி. டிசைன் அவருடையது, முதல் அவருடையது, நட்டமும் அவருடையது. ஆனால் அந்தப் பேரில் பாதுகாப்புக் கேட்பவர், நெசவாளரின் கூலியிலும் அந்தப் பேருக்குரிய கடமையை ஏற்க வேண்டும்.

ஏனென்றால் நெசவாளரும் முதல் போட்டவர்தான். தறி, ஜக்கார்டு பெட்டி, அவை நிற்கும் அறை எல்லாம் அவருடையவை. தார் சுற்றும் மனைவிக்குத் தனிக் கூலி கிடையாது. தமிழக அரசு அவருக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் மின்சாரம் இலவசமாகத் தருகிறது, நல்லது. ஆனால் வாங்கிய முன்பணம் தீரும்வரை வேறு முதலாளியிடம் போக முடியாதவரை எந்தக் கணக்கில் தொழில்முனைவோர் என்பது? ஜப்பானில் கியோத்தோவின் நிஷிஜின் பட்டுத் தெருக்களிலும் வெளியே முதலாளி, வீட்டுக்குள் தறி என்ற ஏற்பாடு உண்டு. 1870களில் லியோனுக்கு ஆளனுப்பி ஜக்கார்டு கற்றுவந்த ஊர் அது. தறி மாறியது, இந்த உறவு மாறவில்லை.

இந்தக் கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கப்போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். எத்தனை தறி, எவ்வளவு உற்பத்தி என்பதோடு நிறுத்தாதீர்கள். பட்டு வாங்கிய தேதிக்கும் சேலைப் பணம் வந்த தேதிக்கும் இடையே எத்தனை நாள், அந்த நாட்களின் வட்டி யார் தலையில் என்று எடுத்து வையுங்கள். முன்வரிசையில் இருக்கும் ஜவுளிக்காரர்களின் பேரேட்டில் இரண்டு தேதியும் இருக்கின்றன, கூச்சப்படாமல் கேளுங்கள். முதல் அமர்வைத் தொடங்கலாம்.