சட்டம் எங்கே முளைக்கிறது?
(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சட்டம் வானத்திலிருந்து விழுந்ததென்றும், கூலி விகிதம் இயற்கையின் நியதியென்றும் சொல்வோர் இன்றும் இருக்கின்றனர். ஜெர்மனியில் சவிஞி என்ற சட்ட அறிஞர் 1814-லேயே இதை மறுத்தார். மொழியைப் போலவே சட்டமும் மக்கள் வாழ்விலிருந்து வளர்கிறது என்றார். எக்காலத்துக்கும் எந்நாட்டுக்கும் பொருந்தும் பொருளாதார விதி கிடையாது, அந்தந்த நாட்டு வரலாற்றைப் பாருங்கள் என்றனர் ஷ்மோலர் முதலானோர். மார்க்ஸ் உற்பத்தி முறையைச் சுட்டிக் காட்டினார். பெயர்கள் கிடக்கட்டும். நம் ஜொகூர் மண்ணிலேயே சான்று உண்டு.

கங்கார் பூலாய், கங்கார் தெப்ராவ் என்ற ஊர்ப் பெயர்கள் நாம் அறிந்தவை. ரப்பருக்கு முன் இங்கே மிளகும் காம்பீரும் விளைந்தன. ஆட்சியாளர் அனுமதிச் சீட்டு எழுதி, ஆற்றங்கரையை ஒரு சீனத் தலைவனிடம் ஒப்படைப்பார். அவனே காங்சூ. அபின், சாராயம், சூதாட்டம் எல்லாம் அவன் கையில். 1873-இல் இதற்கென்றே சட்டமும் எழுதினார்கள். பிறகு ரப்பர் வந்தது, காம்பீர் மறைந்தது; 1917-இல் காங்சூ முறையும் ஒழிந்தது.

இனி நம் கதை. ஹென்றி மெய்ன் என்ற ஆங்கிலேயர் 1861-இல் ஒரு நூல் எழுதினார். பிறந்த நிலையால் கட்டுண்ட மனிதன் ஒப்பந்தத்தால் இயங்கும் மனிதனாக மாறுவதே முன்னேறும் சமுதாயத்தின் போக்கு என்றார். மறு ஆண்டே கல்கத்தாவில் வைசிராய் சபைச் சட்ட உறுப்பினரானார். அதே காலத்தில் நாகப்பட்டினத்தில் நம் முன்னோர் கைநாட்டு வைத்துக் கப்பலேறிக் கொண்டிருந்தனர். அதுவும் ஒப்பந்தம்தான்! ஆனால் வேலையை விட்டு ஓடினால் சிறை. மெய்ன் துரையின் நூல் நல்ல நூல்தான். சஞ்சிக்கூலியின் கதை அதில் அடங்கவில்லை.

1910-இல் சஞ்சிக்கூலி முறை நிறுத்தப்பட்டது. கருணையாலா? இந்தியாவில் எழுந்த எதிர்ப்புக்குப் பங்குண்டு, மறுக்கவில்லை. ஆனால் 1907-இல் மலாயாவில் குடியேற்ற நிதி ஏற்பட்டதையும் கவனியுங்கள். ரப்பருக்கு ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டியிருந்தது. கப்பல் செலவை முதலாளிகள் அனைவரும் அந்த நிதி வழியே பகிர்ந்து கொண்டனர். அழைத்து வந்த ஆள் அடுத்த தோட்டத்துக்குப் போனாலும் நட்டம் ஒருவர் தலையில் விழாது. பிறகு சிறைக்கதவு எதற்கு? கங்காணியும் அவர் தலைக்காசுமே போதும்.

எழுதாத சட்டமும் உண்டு. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு, பிள்ளைகளுக்குப் படிப்பு, கள்ளுக்கடை மூடல் ஆகியவற்றோடு இன்னொன்றும் கேட்டார்கள்: துரைமார் முன்னும் ஆசிய உத்தியோகஸ்தர் முன்னும் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம்! இறங்கச் சொன்ன விதி எந்தப் புத்தகத்தில் இருந்தது? லயத்துக்கும் பங்களாவுக்கும் இடையிலிருந்த தூரமே அதை எழுதியது. ஆசிய உத்தியோகஸ்தர் என்றால் கிராணிமாரும்தான். நாங்கள் அதை மறக்கவில்லை. போராட்டத்தின் தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

குறைந்தபட்சச் சம்பளம் 2013-இல் 900 வெள்ளியாக வந்தது, 2025-இல் 1,700 ஆயிற்று. ஆனால் ரப்பர் நின்ற இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. நம் தாத்தாமார் குடியிருந்த லயங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேபாளிகளும் இருக்கின்றனர். அவர்களுடைய வேலை அனுமதி ஒரே முதலாளியோடு கட்டப்பட்டது. இதை ஒப்பந்தம் என்பதா, பழைய நிலை என்பதா?

அவர்கள் சங்கத்தில் உறுப்பினராகச் சட்டத்தில் தடையில்லை. அடுத்த கூட்டத்துக்குப் பக்கத்து வீட்டு நேபாளத் தோழரையும் அழைத்து வாருங்கள். அவருடைய ஒப்பந்தக் கடிதத்தைக் கையோடு கொண்டு வரச் சொல்லுங்கள், சேர்ந்து படிப்போம்.